குள்ள ஊசியிலைச் செடிகள்: கொக்குவில் முற்றத்தில் கற்ற வியாபாரப் பாடம்

வியாபாரத்தில் நட்டம் வருவது புதிய விடயமல்ல. வந்த நட்டத்துக்குக் காரணம் என்னவென்று தெரியாமல் இருப்பதுதான் அடுத்த நட்டத்துக்கு வழி திறந்துவிடுகிறது. இவ்வாரம் எமது பத்தியில் பேசவிருப்பது வீட்டு முற்றங்களை அழகுபடுத்தும் குள்ள ஊசியிலைச் செடிகளைப் பற்றியாகும். பூங்கன்று வியாபாரத்துக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று சில வாசகர்கள் எண்ணக்கூடும். பூச்சாடி, நீர்க்குழாய், சீமெந்துக் கல், வர்ணப்பூச்சு என்று வீடு கட்டுவோருக்கான பொருட்களை விற்பவர்கள் நம்மில் பலர். வீடு கட்டி முடித்தவர் அடுத்ததாகத் தேடுவது முற்றத்துக்கான கன்றுகளையே. அந்த வாடிக்கையாளர் ஏற்கனவே நமது கடைப் படியில் நிற்கிறார்.

யாழ் நகரில் பூச்சாடியும் பிளாஸ்டிக் பொருட்களும் விற்கும் எனது மச்சானும் அப்படித்தான் நினைத்தார். 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை மீண்டும் ஆரம்பமான பின்னர், தெற்கிலிருந்து பொருட்களும் மனிதர்களும் தாராளமாக வந்து போகத் தொடங்கியிருந்த காலம் அது. கொக்குவில், திருநெல்வேலி, கோண்டாவில் பக்கங்களில் புதிய வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அவ்வீடுகளில் பலவற்றுக்கான பணம் கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்தது. பணத்தோடு படங்களும் வந்தன. ரொறன்ரோவில் உறவினர் வீட்டு வாசலின் இரு பக்கமும் கூம்பு வடிவத்தில் நிற்கும் அடர்பச்சைச் செடிகளைக் காட்டி, "இப்படி ரெண்டு எங்கட வாசலிலும் வைக்க வேணும், எங்கை எடுக்கலாம்?" என்று மச்சானிடம் கேட்டவர்கள் பலர்.

மச்சான் மலைநாட்டிலிருந்து ஒரு சிறிய லொறி நிறையக் கன்றுகளை இறக்கினார். பெரும்பாலானவை லெமன் சைப்ரஸ் எனப்படும் பொன்பச்சை நிறச் செடிகள். இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம் வரும். தை மாதத்தில் வந்த கன்றுகள் இரண்டு வாரத்தில் விற்றுத் தீர்ந்தன. சித்திரை பிறக்கும்போது முறைப்பாடுகள் வரத் தொடங்கின. முதலில் வந்தவர் கொக்குவிலைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்.

"தம்பி, ரெண்டு மரமும் செத்துப்போச்சு" என்றார்.

"மாஸ்டர், காசைத் திருப்பித் தாறன்" என்றார் மச்சான்.

"காசு கிடக்கட்டும். ஏன் செத்தது எண்டு மட்டும் சொல்லும். தண்ணி விட்டனான், எரு போட்டனான். பிள்ளை மாதிரிப் பார்த்தனான்."

மச்சானுக்குப் பதில் தெரியவில்லை. காசைக் கொடுத்து அனுப்பியதைவிட, பதில் சொல்ல முடியாமல் நின்றதுதான் தனக்கு வெட்கமாக இருந்தது என்று பின்னர் என்னிடம் சொன்னார். அந்தக் கேள்விக்கான பதிலைத் தேடியபோது நாம் இருவரும் அறிந்துகொண்டவற்றையே இங்கு தருகிறோம்.

ஊசியிலை மரம் என்பது எது?

பூவும் பழமும் இன்றி, கூம்பு போன்ற காய்களுக்குள் விதைகளை வைக்கும் மர வகையே ஊசியிலை மரங்கள். பைன், சைப்ரஸ், துஜா, ஜூனிப்பர், அரோகேரியா எல்லாம் இக்குடும்பங்களைச் சேர்ந்தவை. உலகில் அறுநூறுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. ஆனால் இலங்கையின் இயற்கைக் காடுகளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. தென்னிந்தியாவுக்கே உரிய ஊசியிலை மரமும் ஒன்றே ஒன்றுதான். அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளர்கிறது. நாம் இங்கு காணும் ஊசியிலை மரங்கள் யாவும் வெளியிலிருந்து கொண்டுவந்து வளர்க்கப்பட்டவையே.

காரைநகர்க் கசூரினா கடற்கரைக்குப் பெயர் தந்த சவுக்கு மரத்தைப் பலர் ஊசியிலை மரம் என்றே நினைக்கின்றனர். பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். உண்மையில் சவுக்கு பூக்கும் மர வகையைச் சேர்ந்தது. அதேபோல் நாற்றுமேடைகளில் பக்கத்தில் வைத்து விற்கப்படும் சைக்கஸும் ஊசியிலை மரமல்ல. இவையெல்லாம் "கிறிஸ்மஸ் மரம்" என்ற ஒரே பெயரில் கைமாறுவதால்தான் வாங்குபவரும் விற்பவரும் ஒன்றாக ஏமாறுகிறார்கள். பெயர் தெரியாத பொருளுக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது.

குள்ளம் எங்கிருந்து வருகிறது?

குள்ள வகை என்பது தனியான இனமன்று. ஓங்கி வளரும் மர இனத்தில் எப்போதாவது ஒரு நாற்று பிறவியிலேயே மெதுவாக வளரும். சில மரங்களின் கிளையொன்றில் பறவைக்கூடு போல நெருக்கமான சிறு கொப்புகள் தோன்றும். இவற்றிலிருந்து தண்டு வெட்டி நட்டோ, ஒட்டுக் கட்டியோ பெருக்கப்பட்டவையே சந்தையிலுள்ள குள்ள வகைகள்.

ரொறன்ரோ வாசல்களில் நிற்கும் அந்தக் கூம்புச் செடியின் கதை சுவையானது. 1904ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஆர்னல்ட் மரப் பூங்காவைச் சேர்ந்த ஜாக், ரேடர் என்ற இரு தாவரவியலாளர்கள் கனடாவின் அல்பேர்ட்டா மாநிலத்தில், இன்று லேக் லூயிஸ் எனப்படும் இடத்தில் புகையிரதத்துக்காகக் காத்திருந்தனர். அந்த நேரத்தில் சுற்றிப் பார்த்தபோது கண்ணில் பட்ட வெள்ளை ஸ்புரூஸ் மரத்தின் குள்ள நாற்றுகளே இன்று உலகெங்கும் விற்பனையாகும் "குள்ள அல்பேர்ட்டா ஸ்புரூஸ்" வகைக்கு மூலம். புகையிரதம் தாமதித்த நேரத்தில் ஒரு முழு வர்த்தகமே பிறந்துவிட்டது எனலாம்.

இதில் வியாபாரிக்கு ஒரு செய்தி இருக்கிறது. குள்ள மரத்தின் விதையிலிருந்து முளைப்பது குள்ளமாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. "குள்ளம்" என்று சொல்லி விதைநாற்றை விற்றால், ஐந்து வருடத்தில் அது யன்னலை மறைத்து வளர்ந்து நிற்கும். தண்டு வெட்டி வளர்த்த கன்றா, விதைக் கன்றா என்று மொத்த விற்பனையாளரிடம் கேட்டு வாங்குவது அவசியம்.

மற்றொன்று: குள்ளம் என்றால் வளராது என்பதல்ல, மெதுவாக வளரும் என்பதே பொருள். அமெரிக்க ஊசியிலைச் சங்கத்தின் வகைப்படுத்தலில் வருடத்துக்கு 1 முதல் 6 அங்குலம் வரை வளர்பவை குள்ள வகை. ஓர் அங்குலத்துக்கும் குறைவாக வளர்பவை அதிகுள்ளம். 12 அங்குலத்துக்கு மேல் வளர்பவை பெருமரங்கள். நமது பக்கத்தில் உறைபனி கிடையாது, வளர்ச்சி வருடம் முழுவதும் நடக்கும் என்பதால், தாங்கி நிற்கும் வகைகள் இந்த அளவின் மேல்பக்கத்தையே எட்டும் என்று எண்ணி இடம் விடுவது நல்லது.

மாஸ்டரின் மரங்கள் ஏன் செத்தன?

முதலாவது காரணம் பிறந்த இடம். லெமன் சைப்ரஸின் மூல மரமான மொன்டரே சைப்ரஸ் இயற்கையாக வளர்வது கலிபோர்னியாக் கரையோரத்தில், குளிர்ந்த கடற்பனி மூடும் ஒரு சிறு பகுதியில் மாத்திரமே. நுவரெலியாவின் குளிர் அதற்கு ஒத்துக்கொள்ளும். கொக்குவிலில் பங்குனி, சித்திரை மாதங்களில் இரவிலும் வெக்கை குறைவதில்லை. ஸ்புரூஸ், பேர் போன்ற கடுங்குளிர் நாட்டு மரங்களின் நிலை இன்னும் மோசம். வருடத்தில் சில மாதங்கள் குளிரில் உறங்கி எழுந்தால்தான் அவை ஒழுங்காகத் துளிர்க்கும்.

இரண்டாவது, தண்ணீரும் மண்ணும். யாழ் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தது. கொக்குவில் செம்மண் நீரை நன்கு வடியவிடும், அது நல்ல குணம். ஆனால் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். வீட்டுக் கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவத்தைப் பார்த்தாலே இது விளங்கும். அந்த நீரைத் தினமும் ஊற்றும்போது சாடி மண்ணில் காரத்தன்மை ஏறுகிறது. மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரினால் எடுக்க முடியாமல் போகிறது. புளிப்பு மண்ணை விரும்பும் செடிகள் முதலில் வெளிறி, பின்னர் வாடும்.

மூன்றாவது, அளவுக்கு மிஞ்சிய கவனிப்பு. மாஸ்டர் காலையும் மாலையும் தண்ணீர் விட்டார். ஊசியிலைச் செடியின் வேருக்குக் காற்று வேண்டும். எப்போதும் ஈரத்தில் நின்றால் வேர் அழுகும்.

நான்காவது, நின்ற இடம். சீமெந்துக் கல் பதித்த முற்றத்தில், மேற்குப் பார்த்த வெள்ளைச் சுவரோடு ஒட்டி அச்செடிகள் நின்றன. பகல் முழுவதும் சூடேறிய சுவரும் தரையும் இரவிலும் அவற்றை வாட்டின.

இவை எல்லாவற்றையும்விட வியாபாரி அறிந்திருக்க வேண்டியது ஒன்றுண்டு. ஊசியிலைச் செடியில் வேர் செத்த பிறகும் இலை பல வாரங்கள் பச்சையாகவே நிற்கும். செவ்வரத்தை என்றால் மறுநாளே வாடிக் காட்டிக் கொடுத்துவிடும். இது காட்டாது. லொறியில் வந்திறங்கிய கன்றுகளில் சில, விற்கும்போதே செத்தவையாக இருந்திருக்கலாம். மச்சான் அறியாமலே செத்த மரத்தை உயிர் மரமென்று விற்றிருக்கிறார்.

இங்கு தாங்குபவை எவை?

பொன் துஜா: சீனா, கொரியா பகுதிகளுக்குரிய கிழக்கத்திய துஜாவின் குள்ள வகை. முட்டை வடிவில், விரித்த விசிறிகளை நிமிர்த்தி அடுக்கியதுபோல் வளரும். வெப்பம், வரட்சி, சுண்ணாம்பு மண் மூன்றையும் தாங்கக்கூடியது. எனவே நமது பக்கத்துக்கு முதல் தெரிவு இதுவே. ஓர் ஆளின் நெஞ்சளவுக்கு மேலே போக நீண்டகாலம் எடுக்கும். பொன்னிறம் நிலைக்க நல்ல வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் சாதாரண பச்சையாகிவிடும். நீர் தேங்கினால் மட்டும் தாங்காது.

ஜூனிப்பர்: சீன ஜூனிப்பரின் வகைகளும், ஜப்பானியக் கரையோரத்துக்குரிய படர் ஜூனிப்பரின் குள்ள வகையும் சுண்ணாம்பு மண்ணுக்கு ஒத்துக்கொள்பவை. படரும் வகை மதிலோரத்திலும், படிக்கட்டு ஓரத்திலும், அகன்ற சாடிகளிலும் அழகாகத் தொங்கும். மழைக்காலத்தில் அடி ஈரமாகாமல் மண்ணை மேடாக்கி நட வேண்டும்.

பொடோகார்ப்பஸ்: ஊசிக்குப் பதிலாக நீண்ட ஒடுங்கிய இலை கொண்டது. அரை நிழலிலும் வளரும், வெட்டி வடிவமைக்கலாம். சுண்ணாம்பு கூடினால் இலை மஞ்சளாகும் என்பதால் நிலத்தில் நடுவதைவிடச் சாடியில், மழைநீரோடு வளர்ப்பது பாதுகாப்பு.

அரோகேரியா: தட்டுத் தட்டாகக் கிளை விரிக்கும் இம்மரம் கடற்காற்றையும் தாங்கும். கப்டன் குக் 1774இல் நியூ கலிடோனியாவையும் நோர்போக் தீவையும் கண்ட பயணத்தின் மூலமே இவ்வகை மரங்கள் ஐரோப்பியர் கவனத்துக்கு வந்தன. பேராதனைப் பூங்காவில் சாய்ந்து சாய்ந்து நிற்கும் குக் பைன் மரச்சாலையைப் பார்த்தவர்களுக்கு இதன் உண்மையான உயரம் தெரியும். சாடியில் முழங்கால் உயரத்தில் நிற்கும்போது குள்ளச் செடி போலத் தோன்றும் இது, நிலத்தில் நட்டால் தென்னையைத் தாண்டும். இரண்டு பரப்புக் காணிக்குள் வீடும் கிணறும் மின்கம்பியும் இருக்கும் இடத்தில் இதை நடுமாறு யாருக்கும் ஆலோசனை சொல்லக்கூடாது. மேலும் இதன் பக்கக் கிளையை வெட்டி நட்டால் வேர்விடலாம், ஆனால் அது நிமிர்ந்து வளராது. வாழ்நாள் முழுவதும் பக்கவாட்டிலேயே போகும். விதைக் கன்றோ, உச்சித் துளிரில் வளர்த்த கன்றோ மட்டுமே விற்பனைக்குரியது. மொத்தமாக வாங்கும்போது ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

நடுவதும் பராமரிப்பதும்

குடாநாட்டுக்கு மழை கிடைப்பது பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை. மாரி தொடங்கும்போது நட்டால், வரட்சி வருமுன் வேர் பிடித்துவிடும். தையில் நடுவது பிழையான காலம்; வேர் பிடிக்குமுன் வெயில் பிடித்துவிடும். முதல் இரண்டு கோடைகளும் தாண்டினால் செடி தன் காலில் நிற்கும்.

சாடி மண்ணுக்குச் செம்மண், ஆற்றுமணல், தும்புச்சோறு, நன்கு மக்கிய கூட்டெரு ஆகியவற்றைச் சேர்க்கலாம். தும்புச்சோற்றை நல்ல நீரில் அலசிய பின்னரே பயன்படுத்த வேண்டும், அதில் உப்பு இருக்கும். சுண்ணாம்பும் சாம்பலும் சேர்க்க வேண்டாம். நமது நீரிலேயே காரம் போதுமான அளவு இருக்கிறது. மேல் மண் இரண்டு அங்குல ஆழத்துக்குக் காய்ந்த பின்னரே தண்ணீர் விட வேண்டும். விரலை விட்டுப் பார்த்தால் தெரியும். கூரை நீரைப் பீப்பாயில் சேமித்து வைத்துச் சாடிச் செடிகளுக்கு ஊற்றுவது மிகவும் நல்லது.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் தூசியும் வரட்சியும் சேர்ந்து சிவப்புச் சிலந்திப் பூச்சியைக் கொண்டுவரும். வெள்ளைத் தாளொன்றைக் கிளையின் கீழ் பிடித்துத் தட்டினால், விழுந்த புள்ளிகள் ஊர்ந்து சென்றால் அதுதான். வாரம் இருமுறை குழாய் நீரைப் பீச்சிக் கழுவினாலே பெருமளவு குறையும். கத்தரிக்கும்போது பச்சைப் பகுதியை மாத்திரமே நுனியில் வெட்ட வேண்டும். துஜா, ஜூனிப்பர் இரண்டும் இலையில்லாத பழைய தண்டில் மீண்டும் துளிர்ப்பது அரிது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

பின்வருவது விளங்கிக்கொள்வதற்கான உதாரணக் கணக்கு மட்டுமே. விலைகள் இடத்துக்கு இடம் மாறும். 100 கன்றுகளை 500 ரூபா வீதம் வாங்கினால் 50,000 ரூபா. லொறிக் கூலி 10,000. கன்றொன்றின் அடக்கவிலை 600 ரூபா என்று தோன்றும். வந்தவுடன் 900 ரூபாவுக்கு விற்றால் 90,000 கிடைக்கும், 30,000 இலாபம். ஆனால் 40 கன்றுகள் செத்து, காசைத் திருப்பிக் கொடுத்தால் 36,000 போய்விடும். முடிவு 6,000 ரூபா நட்டம். கெட்ட பெயர் தனி.

இப்போது அதே கன்றுகளை நிழல்வலையின் கீழ் மூன்று மாதம் வைத்துப் பழக்குவோம். தண்ணீருக்கும் கூலிக்கும் 9,000 ரூபா செலவு. மொத்தம் 69,000. இக்காலத்தில் 25 கன்றுகள் செத்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். எஞ்சிய 75இன் அடக்கவிலை 920 ரூபா. 1,200 ரூபாவுக்கு விற்றால் அதே 90,000 வருகிறது. இலாபம் 21,000. சாகவேண்டியவை நமது கையிலேயே செத்துவிட்டன, வாடிக்கையாளரின் முற்றத்தில் அல்ல. அடுத்த முறை அவர் பக்கத்து வீட்டாரையும் அழைத்து வருவார்.

மொத்தமாக வாங்கும்போது சில பரிசோதனைகள் செய்யலாம். பையிலிருந்து ஒன்றிரண்டு கன்றுகளை மெதுவாகக் கழற்றி வேரைப் பாருங்கள். நுனி வெண்மையாக இருந்தால் உயிருண்டு, கறுத்து மணத்தால் விட்டுவிடுங்கள். வேர் பையைச் சுற்றிச் சுருண்டிருந்தால் கன்று வயது போனது. நகத்தால் தண்டைச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும்.

சொந்தமாகப் பெருக்க விரும்புவோர் தாய்ச் செடிகள் சிலவற்றை வைத்துக்கொண்டு, பாதி முற்றிய நுனிக் கொப்புகளை நான்கு முதல் ஆறு அங்குல நீளத்தில் வெட்டி, வேர் ஊக்கி தொட்டு, மணலும் தும்புச்சோறும் கலந்த பாத்தியில் நிழலில் ஊன்றலாம். ஜூனிப்பர் இலகுவாக வேர்விடும், துஜா கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். வேர்விட மாதங்களும், விற்கும் அளவுக்கு வளர வருடங்களும் ஆகும். ஆகவே இதை மட்டும் நம்பி முதலீடு செய்ய வேண்டாம். குரோட்டன், செவ்வரத்தை, வெட்சி போன்ற விரைவாகக் காசாகும் கன்றுகள் கடையை நடத்தட்டும். ஊசியிலைச் செடிகள் ஒரு மூலையில் விலையேறிக்கொண்டு நிற்கட்டும்.

வெளிநாட்டிலிருந்து கன்றோ விதையோ கொண்டுவர எண்ணுவோர் ஒன்றை மறக்கக்கூடாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், முன்அனுமதியும் தாவரத் தொற்றுநோய்த் தடுப்புப் பரிசோதனையும் அவசியம். உறவினரின் பயணப் பையில் வரும் கன்று சட்டத்துக்குப் புறம்பானது. புதிய நோயையும் கொண்டுவரலாம். ஏற்றுமதிக் கனவு காண்போருக்கும் ஒரு சொல்: ஐரோப்பிய ஒன்றியம் ஜூனிப்பர், பைன், ஸ்புரூஸ் போன்ற கன்றுகளை ஐரோப்பாவுக்கு வெளியேயிருந்து எடுப்பதைப் பொதுவாகத் தடை செய்துள்ளது. நமது சந்தை நமது ஊர் முற்றங்களே.

மீண்டும் மாஸ்டர் வீட்டுக்கு

அடுத்த மாரிக்கு மச்சான் மாஸ்டரின் வீட்டுக்குப் போனார். கையில் மூன்று மாதம் பழக்கிய இரண்டு பொன் துஜாக் கன்றுகள். செத்ததற்கான நான்கு காரணங்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். சுவரிலிருந்து நான்கடி தள்ளி, கல்லை இரண்டு இடத்தில் பெயர்த்து, மண்ணை மேடாக்கி நட்டார்கள்.

"அப்ப நான் பார்த்தது பிழையில்லை, பார்த்த விதம்தான் பிழை" என்றார் மாஸ்டர்.

"உங்கட பிழையில்லை மாஸ்டர். விக்கிற எனக்கே தெரியாமல் இருந்தது" என்றார் மச்சான்.

அந்த இரண்டு செடிகளும் இன்றும் நிற்கின்றன. ரொறன்ரோப் படத்திலுள்ள கூம்பு வடிவம் அவற்றுக்கு இல்லை. உருண்டு திரண்டு, வெயிலில் மஞ்சளாக மின்னும் கொக்குவில் வடிவம். அந்த ஒழுங்கையிலிருந்து பூச்சாடி வாங்க வருபவர்கள் இப்போது மச்சானிடம் முதலில் கேட்பது விலையை அல்ல, "இது எங்கட பக்கத்தில நிக்குமோ?" என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு "நிக்காது" என்று சொல்லவும் அவர் பழகிக்கொண்டார். அவ்வாறு சொல்லித் திருப்பி அனுப்பிய சிலர், மறுமுறை வேறு கன்று வாங்க அவரிடமே வந்ததாகச் சொல்கிறார்.

எதை விற்றாலும் விற்கும் பொருளைப் பற்றி வாங்குபவரைவிட ஒருபடி கூடுதலாக அறிந்திருங்கள், வர்த்தக நண்பர்களே. பூங்கன்றுக்குப் பொருந்துவது புடவைக்கும் இரும்புக்கும் பொருந்தும்.